அக்கரைத் தாத்தாவுக்கு ஓர் இலை

சென்ற மாதம் பரளச்சியிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். இந்தத் தொடரை விடாமல் படிப்பவராம். முதல் ஐந்து நிமிடம் மழை பெய்யாததைப் பற்றியும் மிளகாய் வத்தல் விலையைப் பற்றியும் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்து அறையில் கணவர் இருந்திருப்பார் போல.

"அக்கா, எங்க வீட்டுல பொங்கலுக்குப் படைக்கும்போது ஒரு இலை கூடுதலாப் போடுவோம். அக்கரைத் தாத்தாவுக்குன்னு சொல்லுவாக. அவரு பேரு யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் விலங்கு போட்டுப் பினாங்குக்குக் கொண்டுபோயிட்டான்னு எங்க மாமியா சொல்லுவாக. எதுக்குன்னு கேட்டா மாமனாருக்குக் கோவம் வந்துரும். இப்ப என்னன்னா, ஊர்ப் பொங்கலுக்கு எங்க கொழுந்தன் பிளக்ஸ் போர்டு அடிக்கப் போறாரு. மருது பாண்டியர் படத்துக்குக் கீழ, அவரோட சேர்ந்து சண்டை போட்டு நாடு கடத்தப்பட்டவருன்னு எங்க தாத்தாவையும் போடணுமாம். எனக்கு மனசு ஒப்பலைக்கா. நெசமா இருந்தா சந்தோசம். இல்லைன்னா?"

அந்த "இல்லைன்னா?" தான் இந்த வாரக் கட்டுரை. கடல் கடத்தப்பட்ட முன்னோர் ஒருவரைப் பற்றிய பேச்சு நம் தென் மாவட்டங்களில் பல வீடுகளில் உண்டு. சில வீடுகளில் அது பெருமை. பல வீடுகளில் அது கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய விஷயம். எந்த வீடாக இருந்தாலும் அவரைத் தேடும் வழி ஒன்றுதான்.

எழுபத்து மூன்று பேர்

முதலில் பிளக்ஸ் போர்டுக் கதையைப் பார்த்துவிடுவோம். கொழுந்தனார் ஒன்றும் காற்றில் பேசவில்லை. அப்படி ஒரு கப்பல் நிஜமாகவே போனது.

1801-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16-ஆம் தேதி ஊமைத்துரையும் செவத்தையாவும் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் 73 பேரைக் கம்பெனி அரசு தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. 1802 பிப்ரவரி 11 அன்று 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பலில் ஏற்றியது. நம் கணக்கில் அது துன்மதி வருஷம். கப்பல் போன இடம் வேல்ஸ் இளவரசர் தீவு. அதாவது இன்றைய பினாங்கு. போய்ச் சேர இரண்டரை மாதம் ஆயிற்று.

அந்தக் கப்பலில் சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையணத் தேவர் இருந்தார். வாராப்பூர் பாளையக்காரர் பொம்ம நாயக்கர் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் இருந்தான். அவனுக்கு அப்போது வயது பதினைந்து.

துரைச்சாமியின் பிற்காலத்தைப் பற்றி நமக்குத் தெரிவது அவனைப் பிடித்த தரப்பில் இருந்த ஒருவர் எழுதியதால்தான். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ராணுவ அதிகாரி அவர். இளம் வயதில் மதுரைப் பக்கம் வேலை பார்த்தபோது சின்ன மருதுவோடு பழகியவர். வேல் எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருதுதான் என்று பிற்பாடு எழுதினார். சில வருஷம் கழித்து அதே மருதுவை வேட்டையாடிய படையிலும் இருந்தார்.

1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போனார். அங்கே நோயில் நைந்துபோன கிழவர் ஒருவர் அவர் முன்னால் வந்து நின்றார். யார் என்று கேட்டதற்குத் துரைச்சாமி என்று பெயர் சொன்னார். வெல்ஷுக்கு நெஞ்சில் கத்தி இறங்கியது போல் ஆகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் 'கிழவருக்கு' அப்போது முப்பத்தோரு வயதுதான் இருக்கும். ஊரில் இருக்கும் தன் குடும்பத்துக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கைதிகளிடம் கடிதம் வாங்கக்கூடாது என்பது உத்தரவு. வெல்ஷ் வாங்கவில்லை. 1830-ல் லண்டனில் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார்.

அரச குடும்பத்தோடு பழகிய அதிகாரி ஒருவர் புத்தகம் எழுதியதால் துரைச்சாமியின் முகம் நமக்கு ஒரு தடவை தெரிந்தது. பரளச்சியிலிருந்து போன ஒருவருக்குப் புத்தகம் எழுத ஆள் கிடையாது. ஆனால் காகிதம் உண்டு. அதைத்தான் தேட வேண்டும்.

முதலில் விரல் விட்டு எண்ணுங்கள்

வாசகியிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் வீட்டுக்காரருக்கு அவர் எத்தனையாவது தலைமுறை?"

இதைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. 'அந்தக் காலத்துல' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அந்தக் காலம் என்பது 1802-ஆகவும் இருக்கலாம், 1902-ஆகவும் இருக்கலாம்.

அவர் மாமியாரிடம் கேட்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னார். அக்கரைத் தாத்தா போனபோது அவருடைய மகன் தொட்டில் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு ஏழெட்டு வயது ஆனபோது தாது வருஷப் பஞ்சம் வந்ததாம். ஆடு மேய்க்கிற வயதில் கற்றாழைக் கிழங்கைத் தின்று பிழைத்தவர் என்று அவரைப் பற்றி வீட்டில் சொல்வார்களாம். அந்தப் பிள்ளைதான் வாசகியின் கணவருக்குப் பூட்டன். அப்படியானால் அக்கரைத் தாத்தா ஓட்டன் முறை.

இது பெரிய துப்பு. நம் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் வெறும் 'தாது' என்றால் குழப்பம்தான். ஆனால் 'தாது வருஷப் பஞ்சம்' என்றால் ஒன்றே ஒன்றுதான். 1876-ல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சம் அது. அப்போது பிள்ளைக்கு ஏழெட்டு வயது என்றால் பிறந்தது 1868, 69 வாக்கில். தொட்டிலில் இருக்கும்போதே தகப்பன் போய்விட்டார் என்றால் அவர் போனதும் அதே 1869 வாக்கில்தான். தலைமுறைக்கு முப்பது வருஷம் என்று வைத்து மேலே எண்ணினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

ஆக, மருது பாண்டியர் காலத்துக்கும் இவருக்கும் நடுவில் அறுபத்தேழு வருஷம் கிடக்கிறது. 'அட்மிரல் நெல்சன்' கப்பல் போனபோது இவர் பிறக்கவே இல்லை.

போனில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்பப் போர்டு வேண்டாம்னு சொல்லிரலாம்" என்றார். குரலில் வருத்தமா நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

விலங்கா, பினாங்கா?

கணக்கு இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. கம்பெனி காலத்திலிருந்தே இந்தியக் கைதிகளைக் கடல் கடத்தும் பழக்கம் உண்டு. 1787 முதல் சுமத்ரா தீவில் இருக்கும் பெங்கூலனுக்கு அனுப்பினார்கள். பிறகு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர். 1825 ஏப்ரல் 18 அன்று பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டு வந்திறங்கிய முதல் கைதிக் கூட்டம் 80 பேர். அத்தனை பேரும் சென்னை மாகாணத்தார். 1858-ல் அந்தமானில் போர்ட் பிளேர் குடியேற்றம் தொடங்கியதும் கைதிக் கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பின. 1867-ல் பினாங்கும் சிங்கப்பூரும் இந்திய அரசின் பிடியை விட்டு லண்டன் குடியேற்ற அலுவலகத்தின் கீழ் போயின. அதற்குப் பிறகு இங்கிருந்து அங்கே கைதிகள் போகவில்லை. 1873-ல் சிங்கப்பூர்க் கைதிக் கொட்டடியையே மூடிவிட்டார்கள்.

இப்போது 1869 வாக்கில் போன நம் அக்கரைத் தாத்தாவைப் பாருங்கள். வீட்டில் இரண்டு செய்தி இருக்கிறது. விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள் என்பது ஒன்று. பினாங்குக்குப் போனார் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

விலங்கு உண்மையென்றால் அவர் போன இடம் அந்தமான். பினாங்கு உண்மையென்றால் அவர் கைதி அல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தோட்ட வேலைக்கோ கடை வேலைக்கோ போனவர்களில் ஒருவர். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போனவரும் ஒரு வகையில் விலங்கு போட்டுக்கொண்டு போனவர்தானே! அந்த வார்த்தையே நாலு தலைமுறையில் நிஜ விலங்காக மாறியிருக்கலாம். அந்தக் கால நம் கிராமத்துப் பேச்சில் கடலுக்கு அப்பால் இருக்கிற எந்த ஊரும் பினாங்காக ஆகியிருக்கவும் கூடும்.

வீட்டுச் செய்தியை அப்படியே நம்பாதீர்கள், அப்படியே தள்ளவும் செய்யாதீர்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதற்காகத்தான். பேச்சில் ஊர் மாறும், பெயர் மாறும். ஆனால் 'தொட்டில் பிள்ளை', 'தாது வருஷம்' மாதிரி உடம்போடு ஒட்டிய சங்கதிகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

வாசகி இன்னொன்றும் சொன்னார். அக்கரைத் தாத்தாவின் மனைவி சாகிற வரைக்கும் தாலியைக் கழற்றவில்லையாம். கணவர் இறந்த சேதி வரவே இல்லை, அப்புறம் எப்படிக் கழற்றுவது என்று கேட்பாராம். திருச்சுழிக் கச்சேரிக்குப் பல தடவை நடந்தே போய்வந்தாராம்.

இந்தக் 'கச்சேரி' என்ற சொல்தான் தராசை விலங்கின் பக்கம் சாய்க்கிறது. வேலைக்குப் போன கணவரைத் தேடி யாரும் கச்சேரிக்குப் போக மாட்டார்கள். திருச்சுழியில் நீதிமன்றம் நடந்தது பலருக்குத் தெரிந்த சங்கதிதான். 1879-ல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியின் தகப்பனார் சுந்தரம் ஐயர் அங்கேதான் வக்கீலாகத் தொழில் செய்தார். சின்ன வழக்குகள் அங்கேயே முடியும். தீவாந்தர தண்டனை வரைக்கும் போகிற பெரிய வழக்கென்றால் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

எங்கே தேடுவது?

இன்றைக்குப் பரளச்சி விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா. அதற்காக விருதுநகரில் போய்த் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இந்த மாவட்டமே 1985-ல் வந்தது. அதற்கு முன்னால் ராமநாதபுரம் மாவட்டம். அதுவும் 1910-ல்தான் உண்டானது. அதற்கும் முன்னால் ராமநாதபுரம் ஜமீன் முழுக்க மதுரை மாவட்டத்துக்குள் அடக்கம். ஆகையால் 1869 வாக்கில் நடந்த வழக்கு என்றால் மதுரை மாவட்டக் காகிதங்களில்தான் பார்க்க வேண்டும். அவை சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. என்ன தேடுகிறோம், எதற்காக என்று எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். மதுரை மாவட்டப் பதிவுகள், நீதித்துறை நடவடிக்கைகள் என்று கேட்டால் தொகுதிகளின் பட்டியலைக் காட்டுவார்கள். அதே நடவடிக்கைகளின் பிரதிகள் லண்டனுக்கும் அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் முன்னோர் 1867-க்கு முன்னால் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ போனவராக இருந்தால் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள். நீரிணைக் குடியிருப்புகளின் பழைய பதிவுகள் அங்கே உள்ளன.

அந்தமான் என்றால் ஒரு சிக்கல். 1942 முதல் 1945 வரை அந்தத் தீவுகள் ஜப்பானியர் பிடியில் இருந்தன. அங்கே இருந்த காகிதங்கள் பல அழிந்துவிட்டன. அதனால் போன இடத்தில் தேடுவதைவிட, அனுப்பிய இடத்தில் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

தேடப் போகிறவர்களுக்கு நாலு எச்சரிக்கை.

ஒன்று, எழுத்து. வெள்ளைக்கார குமாஸ்தாவுக்கு ல, ள, ழ எல்லாம் ஒன்றுதான். பரளச்சி என்ற பெயரை அவர் எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார். துரைச்சாமியையே 'டோரா ஸ்வாமி' ஆக்கியவர்கள்! பெயரை ஒரே எழுத்தில் தேடாமல், காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்து ஐந்தாறு விதமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. கைதிப் பதிவேடுகளில் தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதும் வழக்கம் இருந்தது.

இரண்டு, தண்டனை வேறு, கப்பலேறியது வேறு. வ.உ.சி.க்கு 1908-ல் இரட்டைத் தீவாந்தர தண்டனை விதித்தார்கள். மொத்தம் நாற்பது வருஷம். மேல்முறையீட்டில் குறைந்தது. அவர் கடைசி வரை அந்தமான் போகவில்லை. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையிருந்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தார். ஆகவே தீர்ப்பைப் பார்த்ததும் 'போய்விட்டார்' என்று முடிவு கட்டாதீர்கள். கப்பல் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று, உடம்புக் குறி. நெற்றியில் பச்சை குத்திக் கொண்டுபோனார்கள் என்று உங்கள் வீட்டில் சொன்னால் அதைக் கதை என்று தள்ளாதீர்கள். சென்னை, வங்காள மாகாணங்களில் ஆயுள் கைதிகளுக்கு அப்படிக் குத்தும் கொடுமை நிஜமாகவே நடந்தது. 1849-ல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். ஆக, அந்தப் பேச்சு இருக்கும் வீட்டில் முன்னோர் போனது 1849-க்கு முன்னால் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு, குற்றத்தின் பெயர். இதுதான் மனசைக் கஷ்டப்படுத்தும். 'கொள்ளை' என்று எழுதியிருக்கும். இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பறித்தால் அது கூட்டுக் கொள்ளை. 395-ஆவது பிரிவு. ஆயுள் முழுக்கத் தீவாந்தரம் வரை கொடுக்கலாம். வழிப்பறிக் கும்பலும் அதில் வரும். பசியில் ஊர் சேர்ந்து பண்ணையாரின் தானியக் குதிரை உடைத்தவர்களும் அதில் வருவார்கள். பதிவேட்டில் இருவருக்கும் ஒரே எண்தான். என்ன பறித்தார்கள், யாரிடம், எந்த மாதம், அந்த வருஷம் மழை எப்படி என்று தீர்ப்பைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். அந்தத் தீர்ப்பையும் எழுதியவர் தண்டித்தவர்தான் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

திருடியின் வம்சத்தில் ஒரு பிரதமர்

"அக்கா, தேடிப் பார்த்து, கடைசியில களவாணின்னு தெரிஞ்சா எப்படி ஊருக்குள்ள தலை காட்டுறது? பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கு" என்று வாசகி கேட்டார். நியாயமான பயம். நம் ஊரில் ஒருவர் தப்பு செய்தால் அதை வம்சத்தின் மேலும் சாதியின் மேலும் ஏற்றிப் பேசுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு சாதி முழுவதையுமே குற்றப் பரம்பரை என்று எழுதிவைத்த கொடுமையைக் கண்ட மண் இது. மாமனாரின் கோபத்துக்கு அடியில் இந்தப் பயம்தான் இருந்திருக்கும்.

அவருக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். பிரிட்டன் தன் சொந்த ஜனங்களையும் கடல் கடத்தியது. 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அவர்களில் ஒருத்தி மேரி வேட். லண்டன் தெருவில் வளர்ந்த சிறுமி. இன்னொரு சிறுமியின் உடையைப் பறித்ததற்காக அவளுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு நாடு கடத்தலாகக் குறைத்தார்கள். 1790-ல் 'லேடி ஜூலியானா' என்ற கப்பலில் சிட்னி போய் இறங்கினாள். அங்கேயே வாழ்ந்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டு, கிழவியாகிச் செத்தாள். அவளுடைய வம்சத்தில் வந்த கெவின் ரட் ஆஸ்திரேலியாவின் பிரதமர் ஆனார்.

அங்கேயும் ஒரு காலத்தில் கைதி வம்சம் என்றால் அவமானம்தான். நம் மாமனார் மாதிரியே அவர்களும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். இன்றைக்கு டாஸ்மேனியா ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் கைதிகளின் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். என்ன திருடினான், எத்தனை அடி உயரம், எந்தக் கையில் தழும்பு, எத்தனை தடவை வேலைக்கு மட்டம் போட்டான் என்று எல்லாம் இருக்கும். கொள்ளுப் பேரப் பிள்ளைகள் அதைப் பிரிண்ட் எடுத்து வீட்டில் மாட்டிவைக்கிறார்கள்.

ஒழுங்காக உழுது, வரி கட்டி, ஊரிலேயே செத்த நம் மற்ற தாத்தாக்களைப் பற்றி ஒரு வரி கிடைக்காது. அவர்கள் உயரம் என்ன, கன்னத்தில் மச்சம் இருந்ததா என்று நமக்குத் தெரியாது. தண்டிக்கப்பட்டவருக்கு மட்டும்தான் அரசாங்கம் அங்க அடையாளம் எழுதிவைத்தது. அக்கரைத் தாத்தாவின் காகிதம் கிடைத்தால் அந்த வீட்டில் முகம் தெரிந்த ஒரே ஓட்டன் அவராகத்தான் இருப்பார்.

வெள்ளைச் சுவர்

வாசகியின் மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். அவனிடம் ஞாயிற்றுக்கிழமை ஒரு இடத்துக்குப் போய்வரச் சொல்லும்படி நான் சொன்னேன். நகரின் நடுவில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். 1856-ல் அடிக்கல் நாட்டி 1862-ல் அர்ப்பணித்தார்கள். அதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அவர்களை மேற்பார்த்த அதிகாரி மெக்நாயர், 1899-ல் எழுதிய புத்தகத்தில் அந்தச் சுவரின் பக்குவத்தைச் சொல்கிறார். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கருப்பட்டி மாதிரியான கரட்டுச் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றினார்களாம். நம் செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். விலங்கோடு போனவர்கள் கையில் தொழிலும் போயிருக்கிறது.

அங்கே 1845 முதல் கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒழுங்காக இருந்தால் படிப்படியாக மேலே வரலாம். முதல் வகுப்புக்கு வந்தவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே போய்ச் சொந்தமாகப் பிழைக்கலாம். கைதிகளுக்கே கைதிகள் காவலாளியாக இருந்தார்கள். 1873-ல் கொட்டடியை மூடியபோது சீட்டு வாங்கியவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். மாடு வளர்த்தார்கள், வண்டி ஓட்டினார்கள். சிலருக்கு அங்கே இன்னொரு குடும்பமும் ஆனது. திரும்பி வராத எல்லாரும் செத்துப்போனவர்கள் அல்ல. கச்சேரி வாசலில் காத்துக் கிடந்த மனைவிக்கு அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அக்கரைத் தாத்தா அந்தச் சுவரைப் பூசியவர் அல்ல, காலம் ஒத்துவரவில்லை. மகனிடம் அதையும் சேர்த்தே சொல்லச் சொன்னேன். "பரவாயில்லம்மா, யாரோ ஒருத்தருடைய தாத்தா பூசினதுதானே" என்று அவன் சொன்னானாம். போய்ப் பார்த்துவிட்டு, சுவரில் கை வைத்தபடி ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான்.

பரளச்சி வீட்டில் இப்போது மூன்று முடிவு எடுத்திருக்கிறார்கள். பிளக்ஸ் போர்டில் மருது பாண்டியர் மட்டும் இருப்பார். கொழுந்தனாருக்கு முதலில் முகம் சுண்டியதாம், பிறகு அவரே எழும்பூருக்கு நான் வர்றேன் என்று கிளம்பிவிட்டாராம். 1866 முதல் 1870 வரை மதுரை செஷன்ஸ் வழக்குகளைக் கேட்டு விண்ணப்பம் எழுதியாகிவிட்டது. என்ன குற்றம் என்று வந்தாலும் வீட்டில் எல்லார் முன்னாலும் படிப்பது என்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, மாமியார் சொன்னது. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசை இருக்கிறது. இந்த ஆடி அமாவாசைக்குத் திருச்சுழி குண்டாற்றங்கரையில் அவருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடப் போகிறார்கள். பெயர் கேட்டால் என்ன சொல்வது என்று வாசகி கேட்டிருக்கிறார்.

"அக்கரைக்குப் போனவுகன்னு சொல்லு. காகிதத்துல பேரு கிடைச்சா அடுத்த வருசம் பேரு சொல்லுவோம். அவரு பொஞ்சாதி பேரையும் சேர்த்துச் சொல்லு, அதுவும் காத்துக் கிடந்து செத்த உசுருதான்" என்றாராம் அந்தத் தொண்ணூறு வயது அம்மா.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கூடுதல் இலை விழுகிறதா? இருக்கிற பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். எந்தப் பஞ்சம், எந்தப் பிள்ளை தொட்டிலில், எந்தக் கச்சேரி என்ற மூன்று கேள்வி போதும். காகிதம் நூறு வருஷம் காத்திருக்கும். மாமியார்கள் காத்திருக்க மாட்டார்கள்.